ஹைடல்பர்க் வினாவிடையும் நன்றியுள்ள வாழ்வும்

நம் சபைகளில் நன்றியறிதலைக் குறித்து அருளுரை நிகழாத ஆண்டு ஒன்றில்லை. அறுவடைப் பண்டிகையிலும், சபை நாளிலும், ஆண்டிறுதி இரவு ஆராதனையிலும் அது தவறாது இடம்பெறுகிறது. ஆயினும் அவ்வுரைகளைக் கூர்ந்து கேட்போமாயின், நன்றி என்பது பெரும்பாலும் பெற்ற நன்மைகளின் பட்டியலுக்குப் பின்னர் நடைபெறும் ஒரு கணக்குத் தீர்ப்பாகவே விளங்குவதைக் காண்கிறோம். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்குத் திருமணம் கைகூடிற்று, நோய் நீங்கிற்று. ஆகவே ஸ்தோத்திர காணிக்கை. பொருத்தனை செய்தவர் அதைச் செலுத்திவிட்டால் கடன் தீர்ந்தது. இவ்வழக்கத்தை நாம் இகழ வரவில்லை. சிறுவாடு சேர்த்த காசை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து படைக்கும் ஏழைத் தாயின் பக்திக்கு முன் இறையியல் கற்றோர் அடங்கி நிற்பதே தகும். ஆனால் போதகர் எதிர்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு. பட்டியலில் எழுதுவதற்கு ஒன்றுமில்லாத ஆண்டில் அந்தத் தாய் எதைக் கொண்டு வருவார்? அப்பொழுது அவருக்கு நாம் எதை உபதேசிப்போம்?

இவ்வினாவை வேர்வரை சென்று ஆராய்ந்த சிறு நூல் ஒன்று 1563ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டில் வெளிவந்தது. ஹைடல்பர்க் வினாவிடை என்னும் அந்நூலை நம் மாணவர்கள் திருச்சபை வரலாற்றுத் தேர்வில் ஒரு சிறு குறிப்பு எழுதுமளவுக்கே அறிந்திருக்கின்றனர். அது நமக்கு முற்றிலும் அந்நியமான நூலன்று. 1853ஆம் ஆண்டில் ஆற்காட்டுப் பகுதியில் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த ஊழியம் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தது. அச்சபை தன் கோட்பாட்டு அடிப்படைகளுள் ஒன்றாக ஏற்றிருந்தது இந்த வினாவிடையையே. 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் வந்து கலந்த ஓடைகளுள் அதுவும் ஒன்று.

நூல் பிறந்த சூழ்நிலை அமைதியானதன்று. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த ஏழு பிரபுக்களுள் பலத்தீனேட் நாட்டின் ஆளுநரும் ஒருவர். 1559இல் அப்பதவிக்கு வந்த மூன்றாம் பிரடெரிக், கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டு, லூத்தரன் மனைவியாரின் செல்வாக்கால் சீர்திருத்த இயக்கத்துக்குள் வந்தவர். அவர் பதவியேற்றபோது தலைநகராகிய ஹைடல்பர்க்கில் திருவிருந்தைப் பற்றிய பூசல் மூண்டிருந்தது. கண்காணிப்பாளர் ஹெஷூசியுஸ் ஒரு பக்கமும் உதவிக்குரு கிளெபிட்ஸ் மறு பக்கமும் நின்று, மக்கள் காண ஒருவரையொருவர் சாடினர். பிரடெரிக் இருவரையும் பதவிநீக்கம் செய்தார். பின்பு திருமறையைத் தாமே இரவும் பகலும் ஆராய்ந்து, சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதிகளின் கருத்துக்கு நெருங்கி வந்தார். நாடெங்கும் பள்ளிகளிலும் ஆலயங்களிலும் கற்பிக்க ஒரே வினாவிடை வேண்டும் என்று அவர் விரும்பியதன் விளைவே இந்நூல். அவர் எழுதிய முன்னுரை 1563 ஜனவரி 19ஆம் நாளைத் தாங்கி நிற்கிறது.

ஆக்கியோர் இருவர் என்று பழைய நூல்கள் கூறும். முன்னுரையோ இறையியல் ஆசிரியர்கள், கண்காணிப்பாளர்கள், தலைமைக் குருமார் ஆகிய அனைவரின் உதவியையும் குறிப்பிடுகிறது. உர்சீனுஸ் என்பவரே முதன்மையான ஆசிரியர் என்பதும், ஒலிவியானுஸின் பங்கு முன்பு எண்ணப்பட்ட அளவுக்குப் பெரிதன்று என்பதும் இன்றைய ஆய்வாளரிடையே பெரிதும் ஏற்கப்பட்ட முடிவு. நூல் வெளிவந்தபோது உர்சீனுஸுக்கு வயது 28, ஒலிவியானுஸுக்கு 26. நம் கல்லூரிகளில் பயில்வோர் பலரின் வயதுதான்.

ஒலிவியானுஸைப் பற்றி வழங்கும் ஒரு செய்தி நம் பொருளுக்கு நெருங்கியது. 1556இல் அவர் பிரான்சு நாட்டுப் பூர்ஜ் நகரில் சட்டம் பயின்றுகொண்டிருந்தார். பிரடெரிக்கின் மகனும் அங்கே மாணவர். ஆற்றில் படகு கவிழ்ந்து அவ்விளைஞர் நீரில் மூழ்கியபோது, அவரைக் காப்பாற்றக் குதித்த ஒலிவியானுஸும் உயிருக்குப் போராடும் நிலைக்கு வந்தார். உயிர் தப்பினால் தம் தாய்நாட்டில் நற்செய்தி அறிவிப்பேன் என்று அவர் அப்பொழுது பொருத்தனை செய்தாராம். பிரடெரிக்கின் மகன் மாண்டார்; ஒலிவியானுஸ் பிழைத்தார். சொன்னபடியே இறையியல் கற்று, 1559இல் தம் பிறந்த ஊராகிய திரியர் நகரில் பிரசங்கித்துச் சிறைப்பட்டார். மகனைப் பறிகொடுத்த பிரடெரிக்கே தலையிட்டு அவரை விடுவித்து ஹைடல்பர்க்குக்கு அழைத்துக்கொண்டார்.

நம் ஊர்ச் சாட்சிக் கூட்டத்தில் இவ்வரலாறு சொல்லப்பட்டிருந்தால் எத்துணை உருக்கமாயிருந்திருக்கும்! ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆற்றினின்று பிழைத்தவரின் கைபட்ட அந்த நூல், கிறிஸ்தவனின் நன்றியை ஆற்றினின்று பிழைத்ததன்மீது கட்டவில்லை. அவ்வாறு கட்டியிருந்தால், அதே ஆற்றில் மகனை இழந்த தகப்பன் அந்நூலுக்கு முன்னுரை எழுதியிருக்க முடியாது.

நூலின் அமைப்பைக் காண்போம். மொத்தம் 129 வினாக்கள். முதல் வினா, வாழ்விலும் சாவிலும் மனிதனுக்குள்ள ஒரே ஆறுதலைப் பற்றியது. இரண்டாம் வினா, அந்த ஆறுதலோடு வாழ்ந்து மரிக்க அறிய வேண்டியவை எவை என்று கேட்டு மூன்றைச் சொல்கிறது: நம் பாவமும் அவலமும், அதினின்று பெறும் மீட்பு, அம்மீட்புக்காகத் தேவனுக்கு நாம் காட்டும் நன்றி. 3 முதல் 11 வரை அவலம். 12 முதல் 85 வரை மீட்பு. 86 முதல் 129 வரை நன்றி. அவலத்துக்கு 9 வினாக்கள் மட்டும் ஒதுக்கி, நன்றிக்கு 44 வினாக்களை ஒதுக்கிய இந்த அளவு நம் எழுப்புதல் கூட்டப் பிரசங்கியார் பலருக்கு வியப்பளிக்கும். மூன்று பகுதி கொண்ட இம்முறை புதிதன்று. லூத்தரன் சிறு நூலொன்றில் அது முன்னரே காணப்பட்டது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் போக்கும் இதுவே. 12ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அப்போஸ்தலன் தேவனுடைய இரக்கங்களைக் காரணமாகக் காட்டியே நம் சரீரங்களை ஜீவபலியாகக் கேட்கிறார்.

இம்மூன்றாம் பகுதிக்குள் இரண்டே பொருள்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று, பத்துக் கற்பனைகள். மற்றொன்று, கர்த்தருடைய ஜெபம். 116ஆம் வினா ஜெபத்தை நன்றியின் தலையாய பகுதி என்று கூறுகிறது. நம் மக்கள் ஜெபத்தைத் தேவையின் மொழியாகவே அறிவர். இங்கே அது நன்றியின் மொழி. கேட்பதும் நன்றியே, ஏனெனில் யாரிடம் கேட்கிறோம் என்பதை அறிந்தவனே கேட்கிறான்.

கற்பனைகளை இங்கே வைத்ததுதான் இந்நூலின் தனிச்சிறப்பு. லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கற்பனைகளே முதலில் நிற்கின்றன. சீகன்பால்கு தமிழாக்கித் தந்த அந்நூலின் வழியாகவே தமிழ்த் திருச்சபையின் முதற்தலைமுறை கற்பனைகளைக் கற்றது. அவ்வரிசைக்குத் தக்க காரணம் உண்டு. நியாயப்பிரமாணம் பாவியின் முகத்தைக் காட்டும் கண்ணாடி. நோயை அறிந்தவனே மருத்துவனைத் தேடுவான். ஹைடல்பர்க் ஆசிரியர்களும் இதை மறுக்கவில்லை. தேவனிடத்தும் பிறரிடத்தும் அன்புகூரும்படி கிறிஸ்து சுருக்கிக் கூறிய கட்டளையை முதற்பகுதியில் கண்ணாடியாகவே பிடிக்கின்றனர். ஆனால் பத்துக் கற்பனைகளை விரித்துரைக்கும்போது, மீட்கப்பட்டவனுக்கு முன் அவற்றைப் பாதையாக விரிக்கின்றனர். எகிப்தினின்று புறப்படப்பண்ணினவர் நாமே என்ற அறிவிப்புக்குப் பின்னரே சீனாயில் முதற் கற்பனை ஒலித்தது. லூத்தரும் விசுவாசப் பிரமாணத்தின் முதற்பகுதியை விளக்கும்போது நன்றி செலுத்தும் கடமையில் வந்து முடிப்பதை நம் லூத்தரன் சகோதரர்கள் நினைவூட்டுவர், அது நியாயமே.

இவ்விடத்தில் தமிழர்களாகிய நமக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. செய்ந்நன்றி அறிதலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த நாடு இது. நன்றி மறத்தலை உய்வில்லாப் பிழையாக எண்ணும் பண்பாடு நம்முடையது. அதே பண்பாட்டில்தான் செஞ்சோற்றுக் கடன் என்னும் சொல்லும் வழங்குகிறது. உண்ட சோற்றுக்காகக் கர்ணன் துரியோதனன் பக்கம் நின்று, நியாயம் எப்பக்கம் என்று அறிந்தும், உயிரைக் கொடுத்தான். அவன் நன்றி மாபெரும் நன்றிதான். ஆனால் அது கடனாளியின் நன்றி. கொடுத்தவன் கேட்டதை மறுக்க அவனுக்கு உரிமையில்லை. கிறிஸ்தவ நன்றியை இந்த அச்சில் வார்க்கும்போது, தேவன் உதவி செய்து ஆளை விலைக்கு வாங்கும் பிரபுவாகிவிடுகிறார்.

வினாவிடை இதற்கு இடங்கொடுக்கவில்லை. 86ஆம் வினா நேரடியாகவே கேட்கிறது: நம் தகுதி எதுவுமின்றிக் கிருபையினாலேயே மீட்கப்பட்டோமானால், நற்கிரியை எதற்கு? திருப்பிச் செலுத்துவதற்கு என்று விடை கூறவில்லை. கிறிஸ்து தம் இரத்தத்தினால் நம்மை மீட்டதோடு, தம் ஆவியினால் தம்முடைய சாயலுக்கொப்பப் புதிதாக்குகிறார் என்பதே முதற்காரணமாக வருகிறது. ஆகவே நன்றியுங்கூட அவருடைய செயலின் கனி. வாழ்வு முழுவதும் நன்றியாவது, அதனால் தேவன் துதிக்கப்படுவது, கனியைக்கண்டு நம் விசுவாசம் உறுதிப்படுவது, அயலார் கிறிஸ்துவுக்கென்று ஆதாயப்படுத்தப்படுவது ஆகியவை அதன்பின் தொடர்கின்றன. இலவசக் கிருபையைப் பிரசங்கித்தால் மக்கள் அசட்டையாகிவிடமாட்டார்களா என்னும் பழைய ஐயத்துக்கு 64ஆம் வினா தரும் மறுமொழியும் இவ்வகையினதே: கிறிஸ்துவில் ஒட்டவைக்கப்பட்டவன் நன்றியின் கனி கொடாதிருப்பது இயலாத காரியம். கிரேக்க மொழியில் கிருபைக்கு காரிஸ் என்றும், நன்றி செலுத்துதலுக்கு யூக்கரிஸ்தியா என்றும் பெயர். இரண்டும் ஒரே வேரின் தளிர்கள்.

இந்நன்றி ஆகாயத்தில் மிதப்பதுமன்று. எட்டாம் கற்பனையை விளக்கும் 110ஆம் வினா கள்ள எடை, கள்ள அளவு, கலப்படச் சரக்கு, கள்ள நாணயம், அநியாய வட்டி இவற்றையெல்லாம் பெயர் சொல்லிக் களவு என்கிறது. அடுத்த வினா, வறியவருக்கு உதவும்படியாக உண்மையாய் உழைக்கவேண்டும் என்கிறது. ஓய்வுநாளைக் குறித்த 103ஆம் வினா, ஊழியத்தையும் பள்ளிகளையும் தாங்குவதையும் ஏழைகளுக்குக் காணிக்கை தருவதையும் அக்கற்பனையின் உட்பொருளாக்குகிறது. அறுவடைப் பண்டிகையில் ஏலம் எடுத்த பூசணிக்காயின் விலையை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் நாம், அதை விற்றவரின் தராசைப் பற்றிப் பேசுவது அரிது.

சொன்னதைச் செய்தும் காட்டினர். 1562ஆம் ஆண்டிலேயே, பிராங்க்பர்ட் நகரில் வழிபாட்டுரிமை இழந்த நெதர்லாந்து அகதிகளுக்குப் பிரடெரிக், பிராங்கந்தால் என்னுமிடத்தில் கைவிடப்பட்டிருந்த துறவியர் மடத்தைக் குடியிருப்பாக வழங்கினார். அவர்களுடைய போதகர் தாத்தேனுஸ் 1563இலேயே வினாவிடையை டச்சு மொழியாக்கினார். அகதிகளுக்குக் கொடுத்த இடமே நூலுக்கு உலகத்தின் கதவைத் திறந்தது. 1618, 1619ஆம் ஆண்டுகளில் கூடிய தோர்த் பேரவை அதை ஏற்று உறுதிசெய்ததும், அது கடல்கடந்து அமெரிக்காவுக்கும், அங்கிருந்து ஆற்காட்டுக்கும் வந்ததும் இவ்வழியாகவே.

பிரடெரிக்குக்கு இதனால் ஆபத்தும் நேர்ந்தது. 1555இல் ஏற்பட்ட ஆக்ஸ்பர்க் சமாதான உடன்படிக்கை கத்தோலிக்கருக்கும் ஆக்ஸ்பர்க் அறிக்கையைச் சார்ந்தோருக்கும் மட்டுமே சட்டப் பாதுகாப்பளித்தது. 1566இல் அதே நகரில் கூடிய பேரரசு மன்றத்தில், பதவியை இழக்க நேரிடும் என்ற அச்சுறுத்தலுக்கிடையே அவர் எழுந்து, தம் வினாவிடை திருமறை ஆதாரங்களைக்கொண்டது என்றும், திருமறையைக் கொண்டு தம் பிழையை எவர் காட்டினாலும் ஏற்பதாகவும் கூறினார். எதிரிகளும் மனமிளகினர். அவரைப் பக்தியுள்ளவர் என்று வரலாறு அழைப்பது இதுபற்றியே. பக்தியுள்ள பிரபுவின் வரலாற்றை இங்கே முடித்துவிடுவது பிரசங்கத்துக்கு வசதி. நாம் முடிக்க இயலாது.

லாடன்பர்க்கில் கண்காணிப்பாளராயிருந்த யோகான் சில்வான் என்பவர், நண்பர் ஆதாம் நாய்சருடன் சேர்ந்து திரித்துவக் கோட்பாட்டை மறுக்கத் தொடங்கினார். 1570இல் அவர்களுடைய கடிதங்கள் அகப்பட்டன. நாய்சர் துருக்கிய சுல்தானுக்கு எழுதிய கடிதமும் அவற்றுள் ஒன்று. அவர் தப்பியோடிக் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்து இஸ்லாத்தைத் தழுவினார். சில்வான் சிறைப்பட்டார். சிறையில் தம் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விண்ணப்பித்தும் பயனில்லை. இறையியல் ஆசிரியர்கள் மரண தண்டனைக்கு ஆதரவாகக் கருத்துரை அளித்தனர். பிரடெரிக் இரண்டாண்டுக்கு மேல் தயங்கினார். முடிவில், 1572 டிசம்பர் 23ஆம் நாள் ஹைடல்பர்க்கின் சந்தைவெளியில் சில்வானின் தலை துண்டிக்கப்பட்டது.

அக்காலத்தில் எங்கும் அவ்வாறே நடந்தது, பேரரசின் சட்டமே அப்படியிருந்தது என்று சமாதானம் கூறுவோர் உண்டு. அது உண்மையே. அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் பாரிஸ் நகரில் சீர்திருத்தச் சபையார் வெட்டி வீழ்த்தப்பட்டதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அச்சம் எங்கும் சூழ்ந்திருந்தது. ஆனால் நாம் கேட்பது வேறு. இம்மனிதரைக் கொன்றவர்கள் தேவனுக்கு நன்றி கெட்டவர்களாயிருக்கவில்லை. பேரரசு மன்றத்தில் பதவியைப் பணயம் வைத்த அதே நன்றிதான், தேவனுடைய மகிமையைப் பழித்தவனைத் தண்டிக்காது விடலாகாது என்றும் அவர்களை உந்திற்று. பரத்தை நோக்கி மட்டும் எழும்பி, அயலானைக் காணத் தவறும் நன்றி வாளேந்தக்கூடும். கர்ணனின் கடன் இங்கே வேறோர் உருவில் திரும்பி வந்துவிட்டது எனலாம்.

அவர்களுடைய நூலே அவர்களைத் தடுத்திருக்க வேண்டும். 107ஆம் வினா, ஆறாம் கற்பனை கொலையைத் தடுப்பதோடு நிற்கவில்லை என்றும், அயலானிடம் பொறுமையும் சாந்தமும் இரக்கமும் காட்டி, பகைவனுக்கும் நன்மை செய்யக் கேட்கிறது என்றும் கற்பிக்கிறது. அது நன்றியின் பகுதியிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. வினாவிடை 52 ஞாயிறுகளுக்குப் பங்கிடப்பட்டு, ஆண்டு முழுவதும் பிற்பகல் ஆராதனையில் வரிசையாக விளக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. 32ஆம் ஞாயிறு முதல் நன்றியின் பகுதி. ஆக, ஆண்டில் 21 ஞாயிறுகள் நன்றிக்கே உரியவை. 1572ஆம் ஆண்டின் முதல் ஞாயிறு தொடங்கி நாம் எண்ணிப் பார்த்தோம். சில்வான் கொல்லப்பட்டது செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு, டிசம்பர் 21, ஆண்டின் 51ஆம் ஞாயிறாக வருகிறது. 51ஆம் ஞாயிற்றுக்குரிய பாடம் 126ஆம் வினா. எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிப்பதுபோல என்னும் விண்ணப்பத்தின் விளக்கம் அது. அயலானை மனதார மன்னிக்கும் உறுதி நமக்குள் இருப்பதையே கிருபையின் சான்றாக அவ்விடை எடுத்துக்காட்டுகிறது.

114ஆம் வினாவையும் இங்கே சேர்த்து வாசிப்பது நலம். தேவனிடம் மனந்திரும்பினவர்கள் இக்கற்பனைகளை முற்றும் கைக்கொள்ள முடியுமா என்பது கேள்வி. மிகப் பரிசுத்தவான்களும் இவ்வுலகில் இக்கீழ்ப்படிதலின் சிறு தொடக்கத்தையே பெற்றிருக்கின்றனர் என்பது விடை. இதை எழுதியவர்கள் இதைவிடத் தங்களுக்குப் பொருத்தமாக எழுதியிருக்க முடியாது.

1576 அக்டோபரில் பிரடெரிக் காலமானார். மூத்த மகன் ஆறாம் லூட்விக் உறுதியான லூத்தரன். சீர்திருத்தச் சபைப் போதகர்களும் ஆசிரியர்களும் நூற்றுக்கணக்கில் வேலையினின்று நீக்கப்பட்டனர். வினாவிடை கற்பிக்கப்படுவது நின்றது. ஒலிவியானுஸ் முதலில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டுப் பின்பு வெளியேறினார். குருமாணவர் பயின்ற ஞானக் கல்லூரியின் தலைவராயிருந்த உர்சீனுஸும் பதவியை இழந்தார். அவர் இயல்பிலேயே கூச்சமும் மனச்சோர்வும் மிக்கவர். தம் அறைவாயிலில், வருகிறவர் சுருங்கப் பேசவேண்டும், அல்லது போய்விடவேண்டும், அல்லது தமக்கு வேலையில் உதவவேண்டும் என்று எழுதி வைத்திருந்தாராம். இறையியல் ஆசிரியர் எவரும் அவர்மேல் குற்றம் காணமாட்டார்.

இளைய மகன் யோகான் கசிமிர் 1578இல் நாய்ஸ்டட் என்னும் ஊரில் ஒரு கல்லூரியைத் தொடங்கி, நீக்கப்பட்டோருக்குப் புகலிடமளித்தார். உர்சீனுஸ் அங்கே போனார். நோயுடன் போராடிக்கொண்டே மாணவர்களுக்குக் கற்பித்து வந்தார். 1583 மார்ச் 6ஆம் நாள், 48ஆம் வயதில் அங்கேயே இறந்தார். வினாவிடையின்மீது அவர் நிகழ்த்தியிருந்த விரிவுரைகளை மாணவர்கள் குறிப்பெடுத்து வைத்திருந்தனர். அவற்றைத் தொகுத்து நூலாக்கியவர்களுள் தாவீது பரேயுஸ் குறிப்பிடத்தக்கவர். அதே ஆண்டு அக்டோபரில் லூட்விக் காலமானார். கசிமிர் ஆட்சியைக் கையிலெடுத்தபின் வினாவிடை ஹைடல்பர்க்கின் ஆலயங்களுக்குத் திரும்பிற்று.